செல்டா: தனியாக வெளிநாடு போய் ஆங்கிலம் கற்பிக்கக் கிளம்பும் பட்டதாரிக்கு இந்தப் படிப்பு கைகொடுக்குமா?

கல்லூரி முடித்த கையோடு வெளிநாட்டில் ஆங்கிலம் கற்பிக்கப் போகலாம் என்று முடிவெடுத்தவர் முதலில் தேடுவது சான்றிதழைத்தான். தேட ஆரம்பித்தால் திக்குமுக்காட வைக்கும் அளவுக்குப் படிப்புகள் வந்து விழும். வார இறுதியில் முடிவது, கைபேசியிலேயே முடிவது, நான்கு வாரம் தூக்கத்தைக் கெடுப்பது என எல்லாவற்றுக்கும் பொதுவாக ‘டெஃபெல்’ (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பித்தல்) என்றே பெயர். அந்தக் கூட்டத்தில் பணமும் உழைப்பும் அதிகம் கேட்பது, ஆங்கில ஆசிரியராகப் போகிறவர்களுக்குக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வு அமைப்பு வழங்கும் செல்டா சான்றிதழ். கேட்பதற்கு ஏற்ற பலன் கிடைக்கிறதா, தனியாகக் கிளம்பும் புதிய பட்டதாரிக்கு அது எங்கே உதவுகிறது, எங்கே உதவாமல் போகிறது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வயது வந்தவர்களுக்கு மொழிப் பள்ளிகளில் பாடம் நடத்தப் போகிறவர், இரண்டு மூன்று ஆண்டுகளாவது இந்த வேலையில் இருக்க நினைப்பவர் என்றால் தயங்காமல் செல்டா எடுக்கலாம். ஓராண்டு மட்டும் ஒரு பள்ளியில் உதவி ஆசிரியராக இருந்துவிட்டு வர நினைப்பவருக்கு இது அவசியமில்லை. சிறு குழந்தைகளுக்குக் கற்பிக்கப் போகிறவர் இதை மட்டும் நம்பிப் போகக் கூடாது. செல்டாவின் மதிப்பு அந்தக் காகிதத்தில் இல்லை; படிப்புக்குள் இருக்கும் 6 மணி நேரத்தில் இருக்கிறது. உண்மையான மாணவர்கள் முன்னால் நின்று, பின்வரிசையில் ஒரு பயிற்றுநர் உட்கார்ந்து குறிப்பெடுக்க, நீங்கள் பாடம் நடத்தும் 6 மணி நேரம் அது. அந்த 6 மணி நேரம் உங்கள் வேலைக்கு எவ்வளவு பொருந்துகிறதோ, படிப்பும் அவ்வளவுதான் பொருந்தும்.

1962இல் லண்டனில் இன்டர்நேஷனல் ஹவுஸ் என்ற மொழிப் பள்ளியில் ஜான் ஹேக்ராஃப்ட் தொடங்கிய குறுகிய காலப் பயிற்சியில்தான் இதன் வேர் இருக்கிறது. இன்று கேம்பிரிட்ஜ் பாடத்திட்டத்தையும் தரத்தையும் வகுக்கிறது. அங்கீகாரம் பெற்ற மையங்கள் பல நாடுகளில் படிப்பை நடத்துகின்றன. ஆகவே கட்டணம், பயிற்றுநரின் குணம், வகுப்பறை வசதி எல்லாம் மையத்துக்கு மையம் மாறும். மதிப்பிடும் அளவுகோல் மட்டும் மாறாது. ஒவ்வொரு படிப்புக்கும் வெளியிலிருந்து ஒரு மதிப்பீட்டாளர் வந்து பாடங்களையும் கோப்புகளையும் பார்த்துவிட்டுத்தான் போவார்.

படிப்பின் உடற்கூறு இதுதான்: பயிற்றுநருடன் குறைந்தது 120 மணி நேரம், அதற்கு மேல் உங்கள் சொந்த உழைப்பு. 6 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். அதுவும் இரண்டு வெவ்வேறு நிலை மாணவர்களுக்கு. அனுபவமுள்ள ஆசிரியர்கள் நடத்தும் பாடங்களை 6 மணி நேரம் கவனிக்க வேண்டும். ஒவ்வொன்றும் 750 முதல் 1,000 சொற்கள் வரை 4 அசைன்மென்ட். கடைசியில் தேர்வு கிடையாது. முழுநேரமாக எடுத்தால் நான்கு, ஐந்து வாரம். பகுதிநேரமாக எடுத்தால் சில மாதங்கள் ஓடும். தேர்ச்சியில் பாஸ், பாஸ் பி, பாஸ் ஏ என்று மூன்று படி. பெரும்பாலானோர் வாங்குவது வெறும் பாஸ்தான். முதல் வேலைக்கு அதுவே போதும். பாஸ் ஏ வாங்கியே தீர வேண்டும் என்று உடம்பைக் கெடுத்துக்கொள்வதில் பொருளில்லை.

சேர்வதற்கே ஒரு வாசல் இருக்கிறது. விண்ணப்பித்ததும் ஒரு எழுத்துப் பணி வரும், பிறகு நேர்காணல். இலக்கணம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்கள் தடுமாறும் இடம் இது. ‘ஐ ஹேவ் சீன் ஹிம் யெஸ்டர்டே’ என்ற வாக்கியம் தவறு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஏன் தவறு, அதை ஒரு மாணவருக்கு எப்படி விளக்குவீர்கள் என்பதே கேள்வி. முடிந்துபோன ஒரு நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் பிரசென்ட் பெர்ஃபெக்ட் (‘ஹேவ் சீன்’ என்ற வடிவம்) அங்கே நிற்காது என்று உங்கள் வாயால் தெளிவாக வர வேண்டும். ‘ஷி ஸ்டாப்டு ஸ்மோக்கிங்’, ‘ஷி ஸ்டாப்டு டு ஸ்மோக்’ இரண்டும் சரிதான். முதலாவதில் அவர் புகைப்பதை விட்டுவிட்டார். இரண்டாவதில் புகைப்பதற்காகவே செய்துகொண்டிருந்ததை நிறுத்தினார். இப்படிப்பட்ட இணைகளை எழுதி வைத்து, எது ஏன் என்று இரண்டு வரியில் சொல்லிப் பழகினால் நேர்காணலைக் கடந்துவிடலாம். ஆங்கிலம் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்று செல்டா கேட்பதில்லை. சொல்லப்போனால், இலக்கணத்தைப் புத்தகத்தில் படித்து வந்தவர்களுக்கு இந்த இடத்தில் கொஞ்சம் முன்னிலை உண்டு.

நேர்காணலில் இன்னொன்றையும் உற்றுப் பார்ப்பார்கள்: திருத்தினால் ஏற்றுக்கொள்வீர்களா என்பதை. நீங்கள் சொன்ன பதிலை வேண்டுமென்றே மறுத்துப் பேசுவார்கள். அங்கே வாதாடுகிறவர் படிப்பில் நான்கு வாரமும் வாதாடுவார் என்று அவர்களுக்குத் தெரியும்.

இனி பாடம் நடத்தும் பயிற்சிக்கு வருவோம், எல்லோரும் டி.பி. என்று சுருக்கிச் சொல்வது இதைத்தான். நான்கைந்து பேர் ஒரு குழு. மாலையில் வரும் மாணவர்களுக்கு அவர்கள் முறைவைத்து ஆளுக்கு 40 அல்லது 45 நிமிடம் பாடம் நடத்துவார்கள். நடத்தாதவர்கள் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். வந்திருக்கும் மாணவர்கள் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ படிக்கிறவர்கள், ஆனால் உண்மையில் ஆங்கிலம் கற்க வந்தவர்கள். இந்தக் கடைசி விஷயம் முக்கியம். சக பயிற்சியாளர்களையே மாணவர்களாக நடிக்க வைக்கும் படிப்புகள் உண்டு. நடிப்பவர் உங்களுக்குச் சாதகமாகத் தவறு செய்வார். உண்மையான மாணவர் நீங்கள் எதிர்பார்க்காத இடத்தில் புரியாமல் விழிப்பார். அந்த விழிப்பைப் பார்த்துச் சமாளிக்கக் கற்றுக்கொள்வதற்குத்தான் இவ்வளவு பணம் கொடுக்கிறோம்.

முதல் பாடங்கள் எப்படிக் கெடுகின்றன என்பதில் ஆச்சரியமான ஒற்றுமை இருக்கும். 45 நிமிடத்தில் ஒரு வாசிப்புப் பாடம் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பைத் தொட்டுப் பேச வைக்க 4 நிமிடம், கட்டுரையின் மையக் கருத்தைப் பிடிக்க ஒரு கேள்வி, அதற்கு 3 நிமிடம், பிறகு விவரங்களுக்கான கேள்விகள், கடைசியில் படித்ததைப் பற்றிப் பேசப் 12 நிமிடம் என்று திட்டம் அழகாக இருக்கும். வகுப்பில் நடப்பது வேறு. தொடக்கப் பேச்சு சுவாரசியமாகப் போகிறதே என்று விட்டுவிடுவதில் அந்த 4 நிமிடம் 12 ஆகும். மையக் கருத்துக் கேள்விக்கு நேர எல்லை சொல்லாததால் மாணவர்கள் அகராதியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகப் பார்க்க ஆரம்பிப்பார்கள். விடைகளை ஒவ்வொருவராகக் கேட்டு, ஒவ்வொன்றையும் நீங்களே திரும்பச் சொல்லி, நேரம் கரையும். கடைசியில் எது வெட்டுப்படும்? மாணவர்கள் பேச வேண்டிய அந்தப் 12 நிமிடம். பாடத்தின் பயனே அதுதான்.

இன்னொரு தவறு எல்லோரும் செய்வது. ஒர்க்‌ஷீட்டைக் கையில் கொடுத்துவிட்டு என்ன செய்ய வேண்டும் என்று விளக்குவார்கள். காகிதம் கைக்குப் போன நொடியில் கண்ணும் காகிதத்துக்குப் போய்விடும். நீங்கள் சொல்வது யார் காதிலும் விழாது. வரிசை இப்படி இருக்க வேண்டும்: காகிதத்தை உயர்த்திக் காட்டு, இரண்டு சிறிய வாக்கியத்தில் சொல், முதல் கேள்வியை எல்லோருமாகச் செய்து காட்டு, தனியாகவா ஜோடியாகவா என்று கேட்டு உறுதி செய், பிறகு கொடு. கேட்க எளிதாக இருக்கிறது. பதட்டத்தில் இது கைவர மூன்று நான்கு பாடம் ஆகும். ஆங்கிலம் அரைகுறையாகப் புரியும் 20 பேர் முன்னால், அவர்கள் மொழி உங்களுக்குத் தெரியாத ஊரில், உங்களைக் காப்பாற்றப்போவது இந்த வரிசைதான்.

செல்டா கற்றுத்தரும் கருவிகளில் வாழ்நாள் முழுவதும் பயன்படுவது, பொருள் புரிந்ததா என்று சோதிக்கும் கேள்விகள். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எந்த நாட்டு மாணவரும் தலையாட்டுவார். அதில் ஒன்றும் தெரியாது. ‘ஷி மேனேஜ்டு டு ஓபன் த டோர்’ என்று கற்பிக்கிறீர்கள் என்றால், கேட்க வேண்டியது மூன்றே கேள்விகள்: கதவு திறந்ததா? திறந்தது. எளிதாக இருந்ததா? இல்லை. முயற்சி செய்தாளா? செய்தாள். கேள்வியில் ‘மேனேஜ்’ என்ற சொல்லே வரக் கூடாது, பதில் ஒரே சொல்லில் வர வேண்டும், கேள்வியின் மொழி கற்பிக்கும் மொழியைவிட எளிதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு இலக்கணப் பாடத்துக்கும் பொருள், வடிவம், உச்சரிப்பு என்று மூன்று பகுதியாக ஒரு மொழிப் பகுப்பாய்வுத் தாள் எழுதித் தர வேண்டும். மாணவர்கள் எங்கே இடறுவார்கள், அப்போது என்ன செய்வீர்கள் என்றும் அதிலேயே இருக்க வேண்டும். பயிற்சியாளர்கள் மிகவும் வெறுக்கும் தாள் இதுதான். முதல் வாரத்தில் ஒரு பாடத்துக்கு ஒரு முழு மாலையை இது தின்றுவிடும். ஆனால் வேலைக்குப் போன பிறகு ஐந்து நிமிடத்தில் ஒரு பாடத்தைத் தயார் செய்ய முடிவது இதை முறையாக எழுதிப் பழகியதால்தான்.

பாடம் முடிந்ததும் பின்னூட்டம். முதலில் நடத்தியவர் பேச வேண்டும், பிறகு சகாக்கள், கடைசியில் பயிற்றுநர். எழுத்திலும் வரும், தரத்துக்கு இருக்கிறது, இல்லை என்று நேரடியாகவே எழுதியிருப்பார்கள். பாதி வழியில் தனியாக உட்கார வைத்து நிலைமையைச் சொல்வார்கள். தோற்கும் நிலையில் இருப்பவருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை வந்துவிடும், கடைசி நாளில் அதிர்ச்சி இருக்காது. இந்த வெளிப்படைத்தன்மையைச் செல்டாவின் பெரிய பலமாகச் சொல்லலாம். ஒரு பாடம் சொதப்பினால் தோல்வி இல்லை. அதே குறையை அடுத்தடுத்த பாடங்களிலும் தூக்கிக்கொண்டு வந்தால்தான் ஆபத்து. ஆகவே ஒவ்வொரு பின்னூட்டத்திலிருந்தும் ஒரே ஒரு குறையை எடுத்து, அடுத்த பாடத்திட்டத்தின் தலையில் ‘இன்று இதைத் திருத்துகிறேன்’ என்று எழுதி வைக்கிறவர்கள் நிம்மதியாகக் கரையேறுகிறார்கள்.

அசைன்மென்ட்கள் நான்கும் அவ்வளவு கடினம் இல்லை. ஒரு மாணவரை ஆராய்வது, மொழிப் பகுப்பாய்வு, வாசிப்பு அல்லது கேட்டல் திறனுக்கான பாடப் பொருள், உங்கள் சொந்தப் பாடங்களைத் திரும்பிப் பார்ப்பது. ஒவ்வொன்றையும் ஒருமுறை திருத்தித் தரலாம். திரும்பி வரும் தாள்களில் பெரும்பாலும் அறிவுக் குறை இருக்காது. கேட்ட தலைப்புகளில் ஒன்றை விட்டிருப்பார்கள், அல்லது சொல் எண்ணிக்கையைத் தாண்டியிருப்பார்கள். கல்லூரிக் கட்டுரை போல முன்னுரை விரித்து எழுதப் பழகியவர்கள் இங்கே அடிவாங்குவார்கள்.

நேரில் படிப்பதா, ஆன்லைனிலா? 2020இல் பெருந்தொற்றின்போது செல்டாவை முழுக்க ஆன்லைனில் நடத்தத் தொடங்கினார்கள். அந்த வழி இன்றும் தொடர்கிறது, சான்றிதழும் ஒன்றுதான். பயணச் செலவும் தங்கும் செலவும் மிச்சம். ஆனால் ஆன்லைனில் 6 மணி நேரமும் திரைக்கு முன்னால்தான் நடத்துவீர்கள். பலகையில் எழுத்து எந்த இடத்தில் நிற்க வேண்டும், மேசைகளுக்கு இடையே எப்படி நடந்து கவனிப்பது, பின்வரிசைக்குக் குரல் எப்படிப் போக வேண்டும், ஜோடிகளை எப்படிக் கலைத்துப் போடுவது என்பதெல்லாம் கிடைக்காது. வேலை வகுப்பறையில் என்றால் நேரில் படிப்பதையே பரிந்துரைப்போம். ஆன்லைனில் படித்துவிட்டவர் கிளம்புவதற்கு முன் எங்காவது ஒரு தன்னார்வ வகுப்பில் சில வாரம் நின்று பழக வேண்டும். முழுநேரமா பகுதிநேரமா என்றால், கல்லூரிக் கடைசிப் பருவத்தோடு சேர்த்து முழுநேரத்தை எடுக்கவே கூடாது. வருகைப் பதிவில் மிகக் கறாராக இருப்பார்கள். ஒரு நாள் தவறினால் அது ஒரு பாடத்தையும் சேர்த்து விழுங்கும்.

குறைகளுக்கு வருகிறோம். செல்டா வயது வந்த மாணவர்களை மனதில் வைத்து உருவானது. கற்கும் ஆசையோடு வந்த 12, 15 பேர் வகுப்பு அது. புதிய பட்டதாரிக்கு வெளிநாட்டில் முதலில் கிடைக்கும் வேலையோ பெரும்பாலும் பள்ளிக் குழந்தைகளோடு. 7 வயதுக் குழந்தை 40 நிமிடம் ஒரே வேலையில் உட்காராது. 14 வயதில் ஜோடியாகப் பேசு என்றால் தாய்மொழியில் பேசும். வகுப்பை அடக்குவது, உள்ளூர் ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து நடத்துவது, தேர்வுக்காகவே படிக்கும் 40 பேரைச் சமாளிப்பது, பாட்டும் விளையாட்டும் வைத்து ஒரு பருவம் முழுவதையும் திட்டமிடுவது ஆகிய எதையும் இந்தப் படிப்பு போதிய அளவில் தொடாது. குழந்தைகளுக்கான தனிப் பயிற்சியை இதோடு சேர்த்துக்கொண்டால்தான் சரியாக வரும். இரண்டாவது குறை, ஒரே பாணியை அழுத்திப் பிடிப்பது. ஆசிரியர் குறைவாகப் பேச வேண்டும், எல்லாம் ஆங்கிலத்திலேயே என்பது பல மொழி மாணவர்கள் கலந்த வகுப்பில் அருமையாக வேலை செய்யும். எல்லோரும் ஒரே தாய்மொழி பேசும் வகுப்பில் ஒரு சொல்லில் முடிவதை மூன்று நிமிடம் சைகையில் காட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. படிப்பு முடிந்ததும் அந்த விறைப்பைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம்.

மாற்று வேண்டுமென்றால், டிரினிட்டி காலேஜ் லண்டன் வழங்கும் செர்ட் டீசால் எந்த விதத்திலும் குறைந்ததில்லை. அதிலும் 6 மணி நேரம் உண்மையான மாணவர்களுக்குக் கற்பிக்க வேண்டும்; பிரிட்டனின் தகுதி அடுக்கில் இரண்டுமே 5ஆம் நிலை. அதில் ஒரு அழகான பகுதி உண்டு. உங்களுக்கு அறவே தெரியாத ஒரு மொழியை, அந்த மொழியிலேயே சில மணி நேரம் உங்களுக்குக் கற்பிப்பார்கள். ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் மாணவரின் பதற்றம் எப்படி இருக்கும் என்பதை அதைவிட நன்றாக எந்த விரிவுரையும் உணர்த்தாது. அருகில் எந்த மையம் நன்றாக இருக்கிறதோ அதைப் பார்த்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆன்லைனில் விற்கும் 120 மணி நேர டெஃபெல் படிப்புகளின் கதை வேறு. இவற்றுக்கெல்லாம் பொதுவான ஒரு கண்காணிப்பு அமைப்பு உலகில் கிடையாது. டெஃபெல் என்பது யாருடைய வணிகப் பெயரும் அல்ல, யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சடிக்கலாம். அங்கீகாரம் என்று காட்டும் முத்திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்க வேண்டும். 120 மணி நேரம் என்பது பல இடங்களில் மதிப்பீடு மட்டுமே, யாரும் கடிகாரம் வைத்து எண்ணுவதில்லை. பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. நான் எழுதும் பாடத்திட்டத்தை ஒரு மனிதர் படித்துக் கருத்துச் சொல்வாரா, அவருடைய தகுதி என்ன, கவனிக்கப்படும் கற்பித்தல் எத்தனை மணி நேரம், அது சான்றிதழில் அச்சாகுமா, சான்றிதழ் எந்த நாட்டில் வழங்கப்படுகிறது. எல்லாமே நாலு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள் என்றால் அது விசாப் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப உதவும், அவ்வளவுதான். அதற்கும் தேவை இருக்கிறது, தவறில்லை. வகுப்பறைக்குத் தயாராகிவிட்டோம் என்று மட்டும் எண்ணிவிடக் கூடாது.

ஏனென்றால் பல நாடுகளில் வாசலைத் திறப்பது சான்றிதழே அல்ல. மொழி கற்பிக்க வருகிறவர்களுக்குத் தென் கொரியா தரும் இ-2 விசாவை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவிதிப்படி அதற்குப் பட்டமும், ஆங்கிலம் பேசும் 7 நாடுகளில் ஒன்றின் குடியுரிமையும் வேண்டும். பாஸ் ஏ வாங்கியிருந்தாலும் இது மாறாது. சீனாவில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கான அனுமதிக்குப் பட்டத்தோடு இரண்டாண்டு அனுபவமோ 120 மணி நேரச் சான்றிதழோ கேட்கிறார்கள், குடியுரிமையும் பார்க்கிறார்கள். வெளிநாட்டவரைப் பள்ளிகளில் உதவி மொழி ஆசிரியர்களாக அமர்த்த ஜப்பான் அரசு 1987 முதல் நடத்தும் ஜெட் திட்டத்துக்குப் பட்டம் போதும், கற்பித்தல் சான்றிதழ் கட்டாயமில்லை. பிரான்ஸ் அரசின் மொழி உதவியாளர் திட்டம் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை 7 மாதம், வாரத்துக்கு 12 மணி நேர வேலை. அதற்கும் செல்டா தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் தனியார் மொழிப் பள்ளிகள் செல்டாவை மிகவும் மதிக்கும், ஆனால் ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவருக்கு வேலை அனுமதி எடுத்துத் தர முன்வருவது அரிது. ஆகவே போக நினைக்கும் நாட்டின் தூதரகப் பக்கத்தில் விசா விதியைப் படித்த பிறகே படிப்புக்குப் பணம் கட்டுங்கள். எந்த மையமும் இந்த வரிசையை உங்களுக்குச் சொல்லாது.

சான்றிதழ் கைக்கு வந்த பிறகு ஒரு வேலை இருக்கிறது. பலர் இங்கேதான் மாதக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். வெளிநாட்டு அரசு உங்கள் ஆவணத்தை அப்படியே ஏற்காது. வெளிநாட்டு ஆவணங்களை ஏற்பது பற்றிய 1961ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு என்றால், ஆவணம் உண்மையானது என்று உறுதி செய்யும் அப்போஸ்டில் முத்திரை போதும். சீனாவில்கூட 2023 நவம்பர் 7 முதல் இந்த முறை நடப்புக்கு வந்துவிட்டது. ஐக்கிய அரபு அமீரகம் போன்று சேராத நாடு என்றால் தூதரகச் சான்றொப்பம் வரை போக வேண்டும். கவனிக்க வேண்டியது, ஆவணத்தை வழங்கிய நாடுதான் அப்போஸ்டில் போட முடியும். உங்கள் பட்டத்துக்கு, நீங்கள் படித்த நாடு. செல்டாவோ பிரிட்டனிலிருந்து வருவது. நீங்கள் எந்த நாட்டு மையத்தில் படித்திருந்தாலும், அப்போஸ்டில் தேவைப்பட்டால் பிரிட்டன் வெளியுறவு அலுவலகத்திடம்தான் வாங்க வேண்டும், அதற்கு முன் அங்குள்ள வழக்குரைஞரோ நோட்டரியோ அதைச் சான்றளிக்க வேண்டும். தபால் போய்வரும் நாட்களையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

பதிவு செய்யும் அன்றே பாஸ்போர்ட்டில் உள்ளபடி, எழுத்து மாறாமல் பெயரைக் கொடுங்கள். சான்றிதழில் ஒரு பெயர், பட்டத்தில் ஒரு பெயர், பாஸ்போர்ட்டில் ஒரு பெயர் என்றிருந்தால் விசா அதிகாரி மூன்று வேறு ஆட்களாகத்தான் பார்ப்பார். படிப்பு முடிந்ததும் அசல் சான்றிதழ் வரச் சில வாரம் ஆகும். அதுவரைக்கும் மையம் தரும் முடிவுக் கடிதத்தை வைத்து வேலைக்கு விண்ணப்பிக்கலாம், விசாவுக்கு அது செல்லாமல் போகலாம். இப்போதுதான் கல்லூரி முடித்தவருக்கு இன்னொரு சிக்கல்: பட்டச் சான்றிதழே இன்னும் வந்திருக்காது. தற்காலிகச் சான்றிதழைப் பல நாடுகள் ஏற்பதில்லை. காவல்துறை நன்னடத்தைச் சான்றைப் பொறுத்தவரை நேர்மாறு. சீக்கிரமே எடுத்துவிட்டால் காலாவதியாகிவிடும், ஏனென்றால் 3 அல்லது 6 மாதத்துக்குள் எடுத்ததாகக் கேட்பார்கள். முதலில் பட்டம், பிறகு செல்டா, கடைசியில் நன்னடத்தைச் சான்று என்பதே பாதுகாப்பான வரிசை.

வேலை தேடுவதில் மையங்கள் ஓரளவு உதவுகின்றன. தற்குறிப்பைத் திருத்தித் தருவார்கள், பயிற்றுநர் பரிந்துரைக் கடிதம் தருவார். அந்தக் கடிதத்தைப் படிப்பு முடிந்த வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும். அடுத்த குழு வந்துவிட்டால் உங்கள் பாடங்கள் அவர் நினைவில் இருக்காது. ஒப்பந்தத்தைப் படிக்க மட்டும் அவர்கள் கற்றுத்தருவதில்லை, தனியாகப் போகிறவருக்கு அதுதான் முக்கியம். வாரம் 25 மணி நேரம் என்றால் அது பாடம் நடத்தும் நேரமா, பள்ளியில் இருக்கும் நேரமா என்று கேளுங்கள். 25 மணி நேரப் பாடம் புதியவருக்கு மிகவும் அதிகம். தங்குமிடம் யார் பெயரில், முன்பணம் யார் கட்டுவது, விமானக் கட்டணத்தை எப்போது திருப்பித் தருவார்கள், நோய்விடுப்பு எத்தனை நாள், வேலையை விட்டால் விசா என்னாகும் என்பவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். அங்கே இப்போது வேலை செய்யும் ஒரு ஆசிரியரோடு பேச வேண்டும் என்று கேளுங்கள். மறுக்கும் பள்ளியை நீங்களும் மறுத்துவிடலாம். சுற்றுலா விசாவில் வாருங்கள், வந்த பிறகு மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் பள்ளிக்குப் போகவே வேண்டாம். பாஸ்போர்ட்டைத் தாங்களே வைத்துக்கொள்வதாகச் சொல்லும் இடத்துக்கும் அப்படித்தான். முதல் சம்பளம் வேலையில் சேர்ந்து ஒரு மாதத்துக்குப் பிறகே வரும் என்பதால், குறைந்தது இரண்டு மாதச் செலவுக்கான பணமும் திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணமும் தனியாக இருக்கட்டும். செல்டா கட்டணம் அந்தக் கையிருப்பைக் காலி செய்யுமென்றால் படிப்பை ஆறு மாதம் தள்ளிப் போடுவதே நல்லது.

படிப்பின்போது எழுதிய பாடத்திட்டங்கள், பகுப்பாய்வுத் தாள்கள், சகாக்களின் ஒர்க்‌ஷீட்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, மொழி நிலைவாரியாகப் பெயரிட்டு, இணையம் இல்லாமலும் திறக்கும்படி மடிக்கணினியில் வைத்துக்கொள்ளுங்கள். புதிய பள்ளியில் முதல் இரண்டு வாரம் பாடப்புத்தகம்கூடக் கைக்கு வராமல் போவதுண்டு. அப்போது இவைதான் பாடம்.

சேர நினைப்பவர்கள் வேலை தொடங்க விரும்பும் மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணினால் தேதிகள் தானாகத் தெளிவாகும். விசாவுக்கும் ஆவண முத்திரைகளுக்கும் மூன்று மாதம், அசல் சான்றிதழ் வருவதற்கு இரண்டு மாதம், படிப்புக்கு ஒரு மாதம், நேர்காணலுக்கும் இடம் கிடைப்பதற்கும் இரண்டு மாதம். எட்டு மாதம் முன்பே மையத்துக்கு எழுதுங்கள். எழுதும்போதே கேட்க வேண்டியது: ஒரு குழுவில் எத்தனை பயிற்சியாளர்கள், டி.பி. மாணவர்கள் எந்த நிலை, பொதுவாக ஒரு வகுப்புக்கு எத்தனை பேர் வருகிறார்கள். மாணவர்களைத் திரட்ட முடியாத மையத்தில் மூன்று பேருக்குப் பாடம் நடத்திப் பழகிவிட்டு முப்பது பேர் முன்னால் போய் நிற்பது எளிதல்ல. கடைசிக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் வந்தால் அடுத்த மையத்தைப் பாருங்கள்.